தேரிமேட்டின் உயரம் மைனஸில் வந்தால்

திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டுக்குச் சம உயரக்கோட்டு வரைபடம் போட டிஜிபிஎஸ் (செயற்கைக்கோள் வழியாக இடத்தையும் உயரத்தையும் துல்லியமாக அளக்கும் கருவி) வைத்தபோது, செம்மணல் மேட்டு உச்சியின் உயரம் மைனஸ் ஐம்பது மீட்டர் வாக்கில் வந்தது. "என்ன தம்பி, நம்ம தேரி கடலுக்குள்ள போயிட்டா?" என்று தோட்டக்கார அண்ணாச்சி சிரித்தார்.

கருவியில் கோளாறு இல்லை. செயற்கைக்கோள் தருவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற, பூமியின் வடிவத்துக்குக் கணிதத்தில் வகுத்த நீள்கோளப் பரப்பிலிருந்து உயரம். நமக்கு வேண்டியது கடல்மட்டத்திலிருந்து. நம் தென்கோடியில் கடல்மட்டம் அந்தப் பரப்பைவிட 90 மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்திருக்கிறது, அதனால்தான் மைனஸ். ஈர்ப்பு விசையால் அமையும் சராசரிக் கடல்மட்டப் பரப்புக்கு ஜியாய்டு என்று பெயர். உலகிலேயே ஆழமான ஜியாய்டு பள்ளம், சுமார் 106 மீட்டர், குமரிக்குத் தெற்கே கடலில்தான் இருக்கிறது.

ராஜஸ்தான் பாலைவனத்தில் ராணுவப் பயிற்சிக் களத்தை அளந்தாலும் இதே மாதிரி வித்தியாசம் உண்டு, அளவு குறைவு. ஆனால் அங்கே தரையே நல்ல உயரம், எண் மைனஸுக்குப் போகாது. பிழை சத்தமில்லாமல் வரைபடத்தில் உட்கார்ந்துவிடும். அதைப் பார்த்தால் நம்ம ஊர் மைனஸ் எவ்வளவோ தேவலை.

சரி, செய்தது இதுதான். மென்பொருளில் ஈஜிஎம் 2008 என்ற ஜியாய்டு மாதிரியை ஏற்றினேன். உயரம் பிளஸுக்கு வந்தது. அப்புறம் கடல்மட்டத்திலிருந்து உயரம் அளந்து பதிவு செய்த சர்வே ஆஃப் இந்தியா பெஞ்ச்மார்க் கல்லில் கருவியை வைத்து, அதன் பதிவு உயரத்தோடு ஒப்பிட்டு, மிச்சமிருந்த சிறு வித்தியாசத்தை எல்லாப் புள்ளிகளிலும் கழித்தேன்.

மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமாக வைக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளியை மட்டும் மணலில் ஊன்றாதீர்கள். ஆடிக் காற்றுக்கு முளைக்குச்சி சாய்ந்துவிடும். நான் பம்புசெட் அறையின் சிமெண்டுத் தளத்தில் பெயிண்டால் குறி போட்டேன்.