தட்டில் காலனி வரவில்லையா? பிளாஸ்மிட்டைக் குறை சொல்லுமுன்

ஈ.கோலை பாக்டீரியாவில் மனித இன்சுலினை 1978-இல் உருவாக்கிக் காட்டினார்கள். 1982-இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. இப்படி பாக்டீரியாவில் உருவாக்கும் எந்த மருந்துப் புரதத்துக்கும் தொடக்கம் ஒன்றுதான்: பிளாஸ்மிட்டை (வேண்டிய மரபணுவையும் ஓர் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுவையும் சுமக்கும் வட்ட டிஎன்ஏ) பாக்டீரியாவுக்குள் செலுத்த வேண்டும். கோலாலம்பூர், பினாங்கு ஆய்வுக்கூடங்களில் புதிய மாணவர்கள் தடுமாறுவதும் இங்கேதான்.

தட்டில் காலனி (புள்ளியாகத் தெரியும் பாக்டீரியாக் கூட்டம்) முளைக்காவிட்டால் முதலில் செல்களை, அதாவது டிஎன்ஏவை ஏற்கத் தயார்செய்து உறையவைத்த பாக்டீரியாவைச் சந்தேகியுங்கள். மைனஸ் 80 டிகிரியில் இருக்க வேண்டிய செல்களை நம் ஊர் வெக்கையில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கையில் எடுத்துப் போனால், வழியிலேயே பாதி வீணாகிவிடும். உள்ளங்கையில் வைத்து உருக்காதீர்கள். ஐஸில் பத்து நிமிடம் போதும். வெறும் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே குழாயைச் செருகினால் சுற்றிலும் காற்றுதான் இருக்கும். பொடித்த ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். பிப்பெட்டால் உறிஞ்சி உறிஞ்சிக் கலக்கவும் கூடாது, விரலால் மெல்லத் தட்டினால் சரி. மீந்ததைச் சாதாரண ஃப்ரீசரில் போட்டு மறுவாரம் எடுப்பது சிக்கனமே அல்ல.

ஐம்பது மைக்ரோலிட்டர் செல்லுக்கு 1 முதல் 10 நானோகிராம் முழுப் பிளாஸ்மிட் தாராளம். லிகேஷன் கலவை (டிஎன்ஏ துண்டுகளை ஒட்டவைத்த கலவை) என்றால் 5 மைக்ரோலிட்டரைத் தாண்டாதீர்கள். அதிலுள்ள உப்பு வேலையைக் கெடுக்கும். 30 நிமிடம் ஐஸ், பிறகு 42 டிகிரியில் 30 முதல் 45 நொடி (செல் வந்த உறையில் சொன்ன கணக்குதான் கடைசி வார்த்தை), மீண்டும் 2 நிமிடம் ஐஸ். வாட்டர் பாத்தின் திரை காட்டும் எண்ணை நம்பாமல் ஒரு வெப்பமானியைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள்.

அடுத்து, ஆன்டிபயாடிக் மருந்தில்லாத எஸ்ஓசி என்ற ஊட்டத் திரவத்தில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் குலுக்க வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்டால், தட்டில் சேர்க்கும் ஆன்டிபயாடிக்குகளில் அம்பிசிலின் ஓரளவு மன்னிக்கும், கனாமைசின் மன்னிக்காது. அது புரத உற்பத்தியையே முடக்குவதால், எதிர்ப்புப் புரதம் உருவாகுமுன்னே செல் மாட்டிக்கொள்ளும்.

தட்டில் ஊற்றும் ஜெல்லியான அகாரில் அம்பிசிலினைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மருந்து சிதைந்துவிடும். 50 முதல் 55 டிகிரிக்கு ஆறியபின் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் சேருங்கள். குளிர் அறையிலிருந்து எடுத்த தட்டுகள் இங்குள்ள ஈரக்காற்றில் வியர்க்கும். உலர்த்தாமல் பரப்பினால் காலனிகள் ஒன்றோடொன்று ஓடிக் கலந்துவிடும். தட்டைக் கவிழ்த்து, 16 முதல் 18 மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். அதற்குமேல் விட்டால் பெரிய காலனி வெளியிடும் நொதி சுற்றிலுமுள்ள அம்பிசிலினை அழிக்கும், பிளாஸ்மிட் இல்லாத குட்டிக் காலனிகள் அந்த இடத்தில் முளைக்கும். அவற்றைக் குத்தி எடுத்து வளர்ப்பவர்கள்தான் அதிகம்!

மலேசியாவின் உயிரிப் பாதுகாப்புச் சட்டம் 2007 இந்த வேலைக்கும் பொருந்தும். பல்கலைக்கழக உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் முன்பே பேசிவிடுங்கள். பயன்படுத்திய தட்டுகள் 121 டிகிரி ஆட்டோகிளேவைத் தாண்டாமல் குப்பைக்குப் போகக்கூடாது.

கட்டுப்பாட்டுத் தட்டுகள் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் தட்டுகள்) இல்லாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். டிஎன்ஏ சேர்க்காத செல்கள் மருந்துத் தட்டில் வளர்ந்தால் மருந்து செத்துவிட்டது. மருந்தில்லாத் தட்டிலும் வளராவிட்டால் செல்களே செத்துவிட்டன. நன்கறிந்த சோதனைப் பிளாஸ்மிட்டான பியூசி19 செலுத்திய செல்கள் வளர்ந்து உங்களுடையது மட்டும் வளராதபோது, அப்போது பிளாஸ்மிட்டைக் குறை சொல்லலாம்.