நிறுத்தி வைத்த காரின் பற்றரி இறங்குகிறதா? தேடும்போது விடும் பிழைகள்

இரவு ஒழுங்காக ஓடிவந்து நின்ற கார், விடியத் திறப்பைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று மட்டும் சொல்கிறது. பக்கத்து வீட்டு வாகனத்திலிருந்து வயர் கொடுத்து ஸ்ரார்ட் செய்கிறோம். இரண்டு நாளில் மறுபடியும் அதே நிலை. உடனே புதுப் பற்றரி வாங்குவதுதான் முதற் பிழை. மின்சாரம் எங்கோ கசிகிறதென்றால் புதியதும் இறங்கத்தான் போகிறது. பழையதைவிடச் சில நாள் கூடத் தாக்குப்பிடிப்பதால் குறை தீர்ந்துவிட்டதென்று நம்பிவிடுகிறோம், அவ்வளவுதான். ஈய அமிலப் பற்றரி அடிவரை இறங்கும் ஒவ்வொரு தடவையும் தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிப் படிகிறது. நாலைந்து தடவை அப்படி நடந்தால் நேற்று வாங்கிய பற்றரியும் கிழடாகிவிடும்.

பணம் செலவழிக்க முன்னர் ஓர் இரவுச் சோதனை செய்யுங்கள். பற்றரியைச் சார்ஜரில் முழுதாக ஏற்றுங்கள். 45 அம்பியர் மணி கொள்ளளவுள்ள பற்றரிக்கு 4 முதல் 5 அம்பியர் வேகம் போதும். பிறகு நெகற்றிவ் வயரைக் கழற்றி இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் மல்ரிமீற்றரால் அளவுங்கள். 12.6 வோல்ற் அளவில் நின்றால் பற்றரி சார்ஜைப் பிடித்து வைத்திருக்கிறது. எதனோடும் தொடுக்காத நிலையிலேயே 12.2க்கு வந்துவிட்டால் பற்றரிதான் நோயாளி. கழற்றியிருக்கும்போது நின்று, மாட்டியிருக்கும்போது இறங்கினால் கசிவு வாகனத்தில். பலர் தவறவிடுவது நேரத்தை: ஓடிவந்து நிறுத்திய கையோடு அளந்தால் 13 வோல்ற்றுக்குக் கிட்டக் காட்டும். அது மேலோட்டமான சார்ஜ். சில மணி நேரம் ஆறவிட வேண்டும், அல்லது ஹெட்லைற்றை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்துச் சற்றுப் பொறுத்து அளக்க வேண்டும். ஆறிய பற்றரியில் 12.6க்கு மேல் என்றால் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி.

சார்ஜ் ஏறுகிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடலாம். இஞ்சின் ஓட, ஹெட்லைற் எரிய, பற்றரி முனைகளில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து பட்டினம், பட்டினத்திலிருந்து வீடு என்று மூன்று நான்கு கிலோமீற்றர் மட்டும் ஏசி போட்டு ஓடும் காரில் செலவழிந்ததை நிரப்ப நேரமே கிடைப்பதில்லை. காலையில் முற்றத்தில் பத்து நிமிடம் இஞ்சினை ஓடவிடுவதும் உதவாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஓல்ற்றனேற்றர் வேலை செய்கிறதா என்று பார்க்க, இஞ்சின் ஓடும்போதே பற்றரி வயரைக் கழற்றும் பழைய வழக்கம் இன்னும் சில கராஜ்களில் இருக்கிறது. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். பற்றரி இல்லாத அந்தக் கணத்தில் மின்னழுத்தம் பல மடங்கு பாயும். இஞ்சின் கணினி, றேடியோ, ஓல்ற்றனேற்றரின் டயோட்டு (மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) என எதுவும் பழுதாகலாம்.

கசிவை அளக்கும்போது

இதில்தான் அதிக பிழைகள். மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துளையில் செருகுங்கள். மில்லி அம்பியர் துளையில் தொடங்கினால் மீற்றரின் உள் பியூஸ் எரிந்துவிடும். நெகற்றிவ் வயரைக் கழற்றி, மீற்றரின் ஒரு முனையை வயரிலும் மறு முனையை பற்றரியின் நெகற்றிவ் முனையிலும் பிடிக்க வேண்டும். பொசிற்றிவுக்கும் நெகற்றிவுக்கும் குறுக்கே வைத்தால் நேரடிச் சோட் ஆகிவிடும். மீற்றர் மாட்டியிருக்கும்போது ஸ்ரார்ட் செய்யவே கூடாது: ஸ்ராட்டர் நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும்.

தொடுத்த உடனே மீற்றர் 3, 4 அம்பியர் காட்டும். அதைப் பார்த்துப் பதறுவதும் பிழை. வயரை மீண்டும் தொடுத்ததும் வாகனத்தின் கணினிகள் விழித்துக்கொள்கின்றன. அவை உறங்க 20 முதல் 40 நிமிடம் வரை எடுக்கலாம். காத்திருங்கள். ஸ்மார்ட் திறப்பை வீட்டுக்குள் தூரமாக வையுங்கள். பியூஸ் பெட்டியை எட்டக் கதவு திறந்திருக்க வேண்டுமென்றால், கதவின் லொக் கொக்கியை ஸ்குரூட்றைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள். வேலை முடிந்து கதவைச் சாத்த முன்னர் கைபிடியை இழுத்துக் கொக்கியை விடுவிக்க மறந்தால் லொக் உடையும்.

எல்லாம் உறங்கியபின் 50 மில்லி அம்பியருக்குள் நின்றால் பெரும்பாலான வாகனங்களுக்கு அது இயல்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 400 மில்லி அம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 9.6 அம்பியர் மணி போகும். 45 அம்பியர் மணிப் பற்றரி மூன்றாம் நாளுக்குள் பாதியாகிவிடும். குறையே இல்லாத 30 மில்லி அம்பியர்கூட ஒரு மாதத்தில் 21 அம்பியர் மணிக்கு மேல் தின்றுவிடும். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டு உறவுகளுக்கென்று கொட்டகையில் மாதக்கணக்காக நிற்கும் கார் இறந்து கிடப்பதற்குக் குறை தேட வேண்டியதில்லை. நெகற்றிவ் வயரைக் கழற்றி வைத்தாலே போதும்.

கசிவு கூடுதலாக இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதில் அளவு சடாரென்று விழுகிறதென்று பாருங்கள். கழற்றியதை உடனே திருப்பிப் போடாதீர்கள். போட்டால் கணினி மறுபடி விழித்து அளவு குழம்பும். இதைவிட நல்ல வழி ஒன்றுண்டு. பியூஸைக் கழற்றாமலே அதன் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கிடையே மில்லிவோல்ற் அளவுங்கள். சுழியம் என்றால் அந்த வழியில் மின் ஓடவில்லை. 10 அம்பியர் சின்னப் பியூஸில் 1 மில்லிவோல்ற் தெரிந்தால் ஏறக்குறைய 130 மில்லி அம்பியர் ஓடுகிறது.

பியூஸைக் கண்டதும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை முடிந்ததென்று விடுவதும் பிழைதான். அந்த வழியில் என்னென்ன தொங்குகின்றன என்று தேடுங்கள். பின்னாளில் பூட்டியவற்றிலிருந்து தொடங்குவது நல்லது: அலாரம், ஜிபிஎஸ் கருவி, நிறுத்தியிருக்கும்போதும் பதியும் கமரா, அம்ப்ளிபயர். றேடியோவில் திறப்போடு வரவேண்டிய சிவப்பு வயரையும் எப்போதும் மின் உள்ள மஞ்சள் வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் அது ஒருநாளும் முழுதாக அணையாது. டிக்கி லைற்றையும் டாஷ்போட் பெட்டி லைற்றையும் பார்க்க, கைத்தொலைபேசியில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள். இழுபட்டே நிற்கும் றிலேயை (மின்னால் இயங்கும் சுவிச்சை) விரலால் தொட்டால் சூடு தெரியும்.

எல்லாப் பியூஸையும் பார்த்தும் கசிவு நிற்கவில்லையா? ஓல்ற்றனேற்றரைச் சந்தேகியுங்கள். அதன் தடித்த வயர் பல வாகனங்களில் உள் பியூஸ் பெட்டிக்குள் வருவதில்லை. முதலில் பற்றரி நெகற்றிவைக் கழற்றி, அந்த வயரை விலக்கி, நுனிக்கு ரேப் சுற்றிவிட்டு மீண்டும் அளவுங்கள். அளவு விழுந்தால் டயோட்டு பழுது.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்டுகளில் 12 வோல்ற் பற்றரி இஞ்சினைச் சுழற்றுவதில்லை. ஆகவே சோர்ந்து சுழலும் சத்தம் என்ற முன்னறிவிப்பே கிடைக்காது. ஒரு காலை திடீரென்று எதுவும் எரியாது. டாஷ்போட்டில் 'ரெடி' வெளிச்சம் வராமல் றேடியோ கேட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சிறிய பற்றரியே தேய்கிறது. உயர் மின்னழுத்தம் உள்ள செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடாதீர்கள். பற்றரி மாற்றும்போது வாயு வெளியேறும் குழாய் உள்ளதையே போட்டுக் குழாயை மாட்டுங்கள், ஏனெனில் இந்தப் பற்றரி பயணிகள் இருக்கும் பக்கத்தில் இருக்கிறது.

காரைநகர், பருத்தித்துறைப் பக்கம் உப்புக் காற்றில் பற்றரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். பற்றரியின் மேற்பரப்பில் படியும் ஈரமும் அமிலமும் தாமே கசிவுப் பாதையாகும். மீற்றரின் ஒரு முனையை நெகற்றிவிலும் மற்றதைப் பிளாஸ்ரிக் மேற்பரப்பிலும் வைத்தால் வோல்ற் தெரியும். அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து, மூடிகளுக்குள் போகாமல் துடையுங்கள். மூடி திறக்கும் பற்றரிக்குக் கிணற்றுத் தண்ணீர் விடவே வேண்டாம். நமது கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் ஊறியவை. அந்தத் தாதுக்கள் தகடுகளைக் கெடுக்கும். காய்ச்சி வடித்த நீர் மட்டும், தகடு மூடும் அளவுக்கு.

வயர் கழற்றும்போது எப்போதும் நெகற்றிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். பொசிற்றிவில் வைத்த ஸ்பனர் காரின் உலோக உடலில் முட்டினால் பறக்கும் பொறி போதும், பற்றரி விடும் ஐதரசன் பற்றிக்கொள்ள. திருத்தம் முடிந்ததும் மறுபடி முக்கால் மணி நேரம் பொறுத்து அளந்து, கிடைத்த மில்லி அம்பியரையும் திகதியையும் ஒரு ரேப் துண்டில் எழுதிப் பற்றரியின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை அளப்பவருக்கு ஒப்பிட ஓர் எண் இருக்கும்.