அக்குபஞ்சர், தொடுசிகிச்சை: வாய் திறக்காததால் நேரும் தவறுகள்

மசாஜ் போன்ற தொடுசிகிச்சையில் மெதுவாக நீவிவிடுகிறார்கள், பிடித்துவிடுகிறார்கள். அக்குபஞ்சரில் மெல்லிய ஊசியைச் செருகுகிறார்கள். இதில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பெருமளவு சரிதான். பிரிட்டனில் பயிற்சி பெற்றவர்கள் செய்த 34,000 அக்குபஞ்சர் சிகிச்சைகளைக் கவனித்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பெரிய பாதிப்பு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பில் ஒரு பங்கு சிகிச்சைக்குப் போகும் நம்மிடம் இருக்கிறது. என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று சொல்வதில்லை. அழுத்தம் தாங்க முடியாவிட்டாலும் பல்லைக் கடித்துக்கொள்கிறோம். ஊசி புதியதுதானா என்று கேட்கக் கூச்சப்படுகிறோம். தவறுகளில் பெரும்பாலானவை இந்த மௌனத்திலிருந்துதான் வருகின்றன.

முதல் தவறு, வலிக்குக் காரணம் தெரியாமலே போய்ப் படுத்துக்கொள்வது. வழக்கமான தசைப்பிடிப்பு, கழுத்து இறுக்கம் என்றால் பரவாயில்லை. முதுகுவலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் தணியாத இரவு வலி, கீழே விழுந்த பிறகு தொடங்கிய வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் எலும்பு வலி ஆகியவற்றுக்கு முதலில் மருத்துவர்தான். இடுப்புவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போவது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தண்டுவடத்தின் அடிநரம்புகள் நசுங்குவதன் அறிகுறி அது. ஒரு நாள் தாமதம்கூட நிரந்தரப் பாதிப்பில் முடியலாம்.

கெண்டைக்கால் வலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீண்ட பயணமோ அறுவை சிகிச்சையோ முடிந்து, பல நாள் படுக்கையில் இருந்து எழுந்தவருக்கு ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சூடாக, அழுத்தினால் வலித்தால், அது ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். "பிடிச்சு விட்டா சரியாயிடும்" என்று அதை அழுத்தித் தேய்த்தால், உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. வீட்டில் அன்போடு செய்யும் பணிவிடையிலும் இதே ஆபத்துதான். இரண்டு கால்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று தெளிவாகப் பருத்திருந்தால் கை வைக்காதீர்கள்.

கழுத்துக்கும் இதே கவனம் வேண்டும். மென்மையாகப் பிடித்துவிடுவது வேறு, சட்டென்று திருப்பிச் சொடக்கு எடுப்பது வேறு. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் கழுத்து எலும்புகளை ஒட்டித்தான் ஏறுகின்றன. வேகமாகத் திருகும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததாக மருத்துவப் பதிவுகள் உள்ளன. அரிதுதான். இருந்தாலும் "என் கழுத்தைச் சொடக்கு எடுக்க வேண்டாம்" என்று படுப்பதற்கு முன்பே சொல்லிவிட உங்களுக்கு முழு உரிமை உண்டு. சிகிச்சைக்குப் பிறகு இதுவரை வராத கடும் தலைவலி, தலைசுற்றல், பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது என்று எது வந்தாலும் வீட்டில் படுத்து ஓய்வெடுக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அடுத்தது மாத்திரை விஷயம். வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போல ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அவர்களுக்கு அக்குபஞ்சரே கூடாது என்றில்லை. ஆழமாகக் குத்துவதையும் பலமாக அழுத்துவதையும் சிகிச்சையாளர் தவிர்ப்பார். பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் செலுத்தும் முறை வேண்டாம். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கும் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் முதுகில் முழங்கையை ஊன்றி அழுத்தினால் எலும்பு முறியக்கூடும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடு வைப்பதில் மிகுந்த கவனம் தேவை, தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. கர்ப்பம் உறுதியாகாவிட்டாலும், நாள் தள்ளிப்போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்கள், அந்தப் பக்கக் கையில் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. இவற்றையெல்லாம் நல்ல சிகிச்சையாளர் தானாகவே கேட்பார். ஒரு கேள்வியும் கேட்காமல் "படுங்கள்" என்று சொன்னால், எழுந்து வந்துவிடலாம் என்பதே என் எண்ணம்.

இனி ஊசி. அக்குபஞ்சர் ஊசி பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும், மருந்து செலுத்தும் ஊசி போல உள்ளே துளையும் கிடையாது. ஒட்டி மூடிய உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். பல இடங்களில் ஒரு சிறு குழாயைத் தோலில் நிறுத்தி, அதன் வழியே ஊசியின் தலையை விரலால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். எறும்பு கடித்தது போல ஒரு சுருக், அவ்வளவுதான். பிறகு அந்த இடம் கனப்பது, மந்தமாகக் குடைவது, லேசாக மரப்பது இயல்பு. ஆனால் மின்சாரம் பாய்ந்தது போலச் சுளீரென்று ஓடினாலோ கூர்மையான வலி நிற்காமல் இருந்தாலோ அப்போதே சொல்லுங்கள், ஊசியைச் சற்று வெளியே இழுத்தாலே சரியாகிவிடும். பயன்படுத்திய ஊசி கெட்டியான கழிவுப் பெட்டிக்குள் போக வேண்டும். "உங்களுக்கென்றே தனியாக வைத்திருக்கிறோம், கொதிக்க வைத்து மறுபடி போடுவோம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுத்தமில்லாத ஊசிகளால் ஹெபடைடிஸ் பி பரவியது பதிவாகியிருக்கிறது. வெறும் வயிற்றில் போவதும் தவறுதான். முதல் முறை போகிறவர்களுக்குச் சில சமயம் மயக்கம் வரும். லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், உட்காராமல் படுத்துக்கொண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

தோள்மேடு, மார்பு, மேல்முதுகு ஆகிய இடங்களில் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்துவிடலாம். மிக அரிது, ஆனால் ஆபத்தானது. சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சு வாங்குவது, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துவது தொடங்கலாம். அப்படி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே "இன்றைக்கு இந்த இடத்தில் ஊசி போட்டார்கள்" என்று முதலிலேயே சொன்னால், அவர்கள் எதைத் தேட வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

வலித்தால்தான் குணமாகும் என்ற நம்பிக்கைதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. உடம்பு நீலம் பாரித்துப் போவதைப் பெருமையாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தோலுக்கடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைந்த அடையாளம். தோலை உறிஞ்சி இழுக்கும் குவளை (கப்பிங்) வைத்தால் வரும் வட்டத் தழும்பும் அப்படித்தான், நச்சு எதுவும் அதில் வெளியேறுவதில்லை. மசாஜ் முடிந்ததும் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துக் "கழிவை வெளியேற்ற" வேண்டிய அவசியமும் இல்லை, அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் எப்போதும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. மென்மையான தொடுகைக்கென்றே நம் தோலில் தனி நரம்பிழைகள் உண்டு. நொடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் மெல்ல வருடும்போது அவை நன்றாகத் தூண்டப்படுகின்றன. வேகமாகத் தேய்த்தால் அவற்றின் துடிப்புக் குறைந்துவிடும். வலியில் இருக்கும் உடம்பு ஏற்கெனவே விறைத்துத் தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறது. அதை மேலும் நோகடித்தால் இன்னும் விறைக்கும். பத்துக்கு எவ்வளவு என்று மனதுக்குள் கணக்கிட்டு, நான்கைத் தாண்டினால் "கொஞ்சம் குறையுங்கள்" என்று சொல்லுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றாலே அழுத்தம் அதிகம். மறுநாள் லேசான நோவு இருப்பது சரி. மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலோ, புதிதாக மரத்துப்போனாலோ, சிறுநீர் கரும்பழுப்பாகப் போனாலோ மருத்துவரைப் பாருங்கள். சுளுக்கிய கணுக்காலை முதல் இரண்டு மூன்று நாள் உருவிவிடவும் வேண்டாம்.

அப்புறம், எதிர்பார்ப்பு. 1971இல் ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்குப் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. மயக்க மருந்தே இல்லாமல் ஊசியை மட்டும் வைத்து அறுத்தார்கள் என்று இன்றும் அந்தக் கதை சுற்றி வருகிறது. உண்மையில் வழக்கமான மரப்பு மருந்து கொடுத்துத்தான் அறுத்தார்கள், பிறகு வந்த வயிற்று உபாதைக்குத்தான் அக்குபஞ்சர். இது போன்ற மிகைப்படுத்தலை நம்பிப் போகிறவர்கள் ஏமாந்து, கிடைக்கக்கூடிய பலனையும் இழந்துவிடுகிறார்கள்.

பலன் உண்டு, அதற்கு அளவும் உண்டு. ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 1,162 பேரிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. ஆறு மாதத்துக்குப் பின் அக்குபஞ்சர் எடுத்தவர்களில் 47.6 சதவீதத்தினருக்கு நல்ல முன்னேற்றம். ஊசி குத்த வேண்டிய இடங்கள் என்று அக்குபஞ்சர் மரபு சொல்லும் புள்ளிகளை விட்டு வேறு இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதம். மருந்து, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம். அதாவது உதவி கிடைக்கிறது, ஆனால் எந்தப் புள்ளி என்பது சொல்லப்படும் அளவுக்கு முக்கியமாகத் தெரியவில்லை. மருத்துவர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2016இல் இடுப்புவலிக்கு அக்குபஞ்சர் வேண்டாம் என்றது. அதே அமைப்பு 2021இல், வேறு நோயால் விளக்க முடியாத நாள்பட்ட வலிக்கு ஒரு சுற்று கொடுத்துப் பார்க்கலாம் என்றது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட நாள்பட்ட இடுப்புவலி வழிகாட்டுதலில் உடற்பயிற்சி, மசாஜ், அக்குபஞ்சர் மூன்றுமே இருக்கின்றன. வலியைக் குறைக்கும் துணையாக நம்பலாம். புற்றுநோயை, சர்க்கரையை, தைராய்டைக் குணமாக்கும் என்றால் நம்பக் கூடாது. "இன்று முதல் மாத்திரையை நிறுத்திவிடுங்கள்" என்று யார் சொன்னாலும், எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். முக்கியமாக வலிப்பு, ரத்த அழுத்தம், இதய நோய் மாத்திரைகளை.

வீட்டிலேயே செய்ய ஒன்று வேண்டுமா? மணிக்கட்டின் உள்பக்க மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே கட்டைவிரலால் மிதமாக அழுத்திப் பாருங்கள். குமட்டலுக்கு அந்த இடம் ஓரளவு உதவுகிறது என்று அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஊசியை மட்டும் வீட்டில் எடுக்கவே வேண்டாம்.

சிகிச்சை முடிந்து வலி இறங்கியிருக்கும் அந்த ஓரிரு நாளைப் படுத்தே கழிப்பதும் தவறு. நடக்கவும் உடற்பயிற்சி செய்யவும் ஏற்ற நேரம் அதுதான். அதே போல, பலன் இருக்கிறதா என்று பார்க்காமல் மாதக்கணக்கில் போய்க்கொண்டே இருப்பதும் வேண்டாம். எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது என்று தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு முறை போன பிறகு அந்தத் தாளை எடுத்துச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். மாற்றமே இல்லையென்றால், நிறுத்தலாமா, வேறு வழி பார்க்கலாமா என்று நேராகவே கேளுங்கள்.