வாட்ச் 168 என்றது, விரல் 136 என்றது

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஆறு மணி இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்துச் சொத்தவிளை கடற்கரைச் சாலையில் எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, மணிக்கட்டில் இதயத் துடிப்பைக் காட்டும் ஸ்மார்ட்வாட்சையே பார்த்துக்கொண்டு நின்றார். வயது 52. ஓடத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. "168 காட்டுது மக்கா, எனக்கு என்னமோ ஆகப் போகுது" என்றார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது, நெஞ்சு வலியோ தலைசுற்றலோ இல்லை. உடனே அவருடைய இன்னொரு கையில், கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து 15 வினாடி எண்ணினேன். 34 துடிப்பு. நான்கால் பெருக்கினால் 136. ஓட்டத்தை நிறுத்தியதுமே துடிப்பு இறங்கத் தொடங்கிவிடும் என்பதால், ஓடும்போது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும். அப்படியானால் 168 எங்கிருந்து வந்தது?

சற்று ஓய்வெடுத்த பிறகு அதே வேகத்தில் கொஞ்ச தூரம் ஓடச் சொல்லி, இந்தத் தடவை காலடியை எண்ணினேன். 15 வினாடியில் 42. நிமிடத்துக்கு 168! வாட்ச் இதயத்தை விட்டுவிட்டுக் காலை எண்ணியிருக்கிறது.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். வாட்சின் அடியில் பச்சை விளக்கு மின்னுகிறது அல்லவா, அந்த ஒளியை ரத்தம் உறிஞ்சிக்கொள்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் வாட்ச் துடிப்பைக் கணக்கிடுகிறது. ஓடும்போது கை வீச்சில் வாட்ச் ஆடுகிறது, கையிலுள்ள ரத்தமும் குலுங்குகிறது. அந்தக் குலுக்கலும் ஒரு சீரான தாளம்தான். இரண்டில் எது இதயம் என்று மென்பொருள் தடுமாறினால், வலுவாகத் தெரிகிற தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். 2020-இல் 53 பேரை வைத்து டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஓய்வில் இருப்பதைவிட அசைவின்போது வாட்ச்களின் பிழை சராசரியாக 30 சதவீதம் கூடுதலாக இருந்தது.

ஆகவே முதல் தவறு, வாட்சை வளையல் போலத் தொளதொளவென்று கட்டுவது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் வளையலையும் வாட்சையும் ஒரே கையில் போட்டுக்கொண்டு நடக்க வருகிறார்கள். வளையல் இடித்து இடித்து வாட்ச் நகர்ந்துகொண்டே இருக்கும். கோயிலில் கட்டிய கயிறு சென்சாருக்கு அடியில் மாட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். உடற்பயிற்சி நேரத்தில் மட்டுமாவது வாட்சை மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் அளவு மேலே ஏற்றி, நகராதபடி கட்டுங்கள். ரத்த ஓட்டம் தடைபடும் அளவுக்கு இறுக்கவும் வேண்டாம். தேங்காய் எண்ணெயும் வியர்வையும் படிந்த கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள். கையில் பச்சை குத்தியிருந்தால், மை ஒளியைத் தடுக்கும், மறு கைக்கு மாற்றுங்கள். மழையில் நனைந்து கை சில்லிட்டுப் போனாலும் தோலில் ரத்த ஓட்டம் குறைந்து வாட்ச் திணறும். ஐந்து பத்து நிமிடம் நடந்து உடம்பு சூடேறிய பிறகு அது காட்டும் எண்ணைப் பாருங்கள்.

எல்லாப் பயிற்சிக்கும் ஒரே நம்பிக்கை வைப்பது அடுத்த தவறு. சீரான வேகத்தில் நடந்தால் வாட்ச் பெரும்பாலும் சரியாகவே சொல்லும். ஜிம்மில் டம்பெல்லை இறுகப் பிடிக்கும்போது முன்கைத் தசை புடைத்து, ரத்த ஓட்டமும் வாட்ச் பதிந்திருக்கும் விதமும் மாறுகின்றன. நெஞ்சு திடுதிடுவென்று அடிக்கும், வாட்ச் 95 என்று காட்டும். மருந்துவாழ்மலைப் படிகளில் அரை நிமிடம் வேகமாக ஏறி அரை நிமிடம் நிற்கிறவர்களுக்கும் இதே கதைதான். துடிப்பு ஏறியது வாட்சுக்குத் தெரியவரும்போது நீங்கள் ஏறுவதை நிறுத்தி நின்றிருப்பீர்கள். இந்த மாதிரிப் பயிற்சிக்குத் துல்லியம் வேண்டுமென்றால் மார்பில் கட்டும் பட்டைதான் சரி. அது இதயத்தின் மின் துடிப்பையே பிடிக்கிறது. கட்டுவதற்கு முன் அதன் மின்முனைகளைத் தண்ணீரில் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடக்கத்தில் அதுவும் உளறும்.

இனி கலோரிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

நடை முடிந்ததும் டீக்கடை. "400 கலோரி போயிருக்கு, ரெண்டு பழம்பொரி சாப்பிடலாம்" என்று ஒருவர் சொல்லாத நாள் கிடையாது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஏழு வகைக் கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். ஏழில் ஆறு, இதயத் துடிப்பை 5 சதவீதத்துக்கும் குறைந்த பிழையோடு சொல்லின. கலோரியில் மிகச் சிறந்த கருவிக்கே சராசரிப் பிழை 27 சதவீதம், மோசமானதற்கு 93 சதவீதம். கருவிகள் அதற்குப் பிறகு மாறிவிட்டன, உண்மைதான். ஆனால் அடிப்படைச் சிக்கல் மாறவில்லை. செலவான ஆற்றலை ஆய்வகத்தில் அளக்க முகமூடி மாட்டி, மூச்சில் போகும் ஆக்சிஜனையும் வரும் கரியமில வாயுவையும் அளப்பார்கள். வாட்சிடம் இருப்பது துடிப்பும் அசைவும், நீங்கள் கொடுத்த வயது, எடை போன்ற விவரங்களும்தான். மீதியெல்லாம் ஊகம். அந்த எடையும் இரண்டு வருடத்துக்கு முந்தையது என்றால் ஊகத்துக்கு மேல் ஊகம்.

நம் மாவட்டத்தில் இந்த ஊகம் தவற நிறைய இடமிருக்கிறது. காலடியை மட்டும் எண்ணுகிற கருவிக்குத் தார்ச்சாலையும் சொத்தவிளை மணலும் ஒன்றுதான். ஆனால் ஒரே வேகத்தில் நடந்தாலும் மணலில் 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998-இலேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். முப்பந்தலில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவருக்குத் தெரியும், வேகம் பாதியாகும், உழைப்பு இரட்டிப்பாகும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று வாட்சுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. சில வாட்ச்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியையும் சேர்த்தே காட்டும். 70 கிலோ எடை உள்ளவருக்கு அது மணிக்கு 70 கலோரி அளவுக்கு வரும். ஒரு மணி நேர நடையில் அந்த 70 நடந்ததால் வந்தது அல்ல. உடம்பைக் குறைக்க நினைக்கிறவர்கள் வாட்ச் காட்டும் கலோரியை வைத்துத் தட்டை நிரப்பாதீர்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

காலடிக் கணக்கிலும் கோளாறு உண்டு. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் என் உறவுக்காரர் விடியும் முன்பிருந்தே மரத்துக்கு மரம் நடக்கிறார். பால் வாளியை வாட்ச் கட்டிய கையில் தூக்கிக்கொண்டு நடந்தால் கை வீச்சே இல்லை. அந்த நடையில் பெரும்பகுதி வாட்சில் ஏறவே ஏறாது. அவர் மகன் பைக்கில் போய்வந்தாலே சில நூறு காலடி ஏறிவிடுகிறது.

கடைசியாக, துடிப்பு ஏற ஏற வாட்ச் நிறம் மாற்றிக் காட்டும் அந்த வண்ண மண்டலங்கள். சிவப்பு வந்தால் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். பல வாட்ச்கள் 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணை உச்சத் துடிப்பாக வைத்து அந்த மண்டலங்களைப் பிரிக்கின்றன. அண்ணாச்சிக்கு 168 வருகிறது. வாட்ச் காட்டிய எண்ணும் அதுவாகவே அமைந்ததால்தான் அவர் அவ்வளவு மிரண்டார். அந்தச் சூத்திரம் ஒரு சராசரி. ஒரே வயதுக்காரர் இருவருக்குள் உச்சத் துடிப்பு பத்து, இருபது வித்தியாசப்படுவது சாதாரணம். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது அறவே பொருந்தாது. மாத்திரை துடிப்பை ஏறவிடாது, வாட்சோ "இன்னும் வேகமாக ஓடு" என்று தூண்டும். அவர்கள் எவ்வளவு வேகம் போகலாம் என்று மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். மற்றபடி, பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். நெஞ்சில் அழுத்தம், இடது கை வலி, கண் இருட்டல் வந்தால், வாட்ச் 80 காட்டினாலும் சரி, உடனே நின்று 108-ஐக் கூப்பிடுங்கள்.

அண்ணாச்சி வாட்சைக் கழற்றிவிடவில்லை. இரண்டு விரல் மேலே ஏற்றிக் கட்டிய பிறகு எண் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஆனாலும் வாரம் ஒருமுறை ஓட்டத்தை நிறுத்தியதும் 15 வினாடி விரலால் எண்ணி, இரண்டு எண்ணையும் ஒரு தாளில் குறித்து வைக்கிறார். அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.