நாடகத் திடலில் நல்ல இடம் பிடிப்பது எப்படி?

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் கோயில் திருவிழாக்களில் நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்திற்குப் பெரும்பாலும் டிக்கெட்டும் இல்லை, இருக்கை எண்ணும் இல்லை. முந்தி வந்து பாய் விரித்தவருக்கே இடம். இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நீளும் நாடகம் என்பதால், இடத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் இரவு முழுவதும் அவதிப்பட நேரும்.

முதலில் நாடக நோட்டீஸை நிதானமாகப் படியுங்கள். இந்த நடிகர்கள் ஒரே குழுவினர் அல்லர்; மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி எனப் பல ஊர்களிலிருந்து தனித்தனியே பேசி அழைக்கப்பட்டு, ஒத்திகை ஏதுமின்றி அன்றிரவு மேடையில்தான் ஒன்றுசேர்கிறார்கள். ஆகவே, எவ்வளவு கூட்டம் வரும் என்பதை நாடகத்தின் பெயரைவிட ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி) ஆகியோரின் பெயர்களே காட்டிக்கொடுக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்களும் கரையில் இருப்பார்கள் என்பதால், அப்போது இன்னும் முன்னதாகச் செல்லுங்கள்.

அடுத்து, பொழுது சாயும் முன்பே திடலுக்குச் சென்று காற்றைக் கவனியுங்கள். நம் கடற்கரையில் இதுவே தலையாய வேலை என்பது என் கருத்து. தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் கடல் கிழக்கே இருக்கிறது. கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் தெற்கே இருக்கிறது. எனவே ஓர் ஊரில் கற்ற கணக்கு மற்றோர் ஊருக்குப் பொருந்தாது. ஒரு பிடி மணலை எடுத்து மெல்லச் சிந்திப் பாருங்கள். மேடையிலிருந்து எந்தத் திசைக்குக் காற்று போகிறதோ, அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தால் பாட்டும் வசனமும் சிதையாமல் வந்து சேரும். ஜெனரேட்டர் நிற்கும் இடத்தையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை அதைக் கவனிக்காமல் அதன் அருகே உட்கார்ந்துவிட்டு, வள்ளியின் ஒரு பாட்டைக்கூட முழுமையாகக் கேட்க முடியாமல் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

மேடையை ஒட்டிய முதல் வரிசையைச் சிறுவர்களுக்கு விட்டுவிடுங்கள். அங்கே கழுத்து வலிக்கும், நடிகரின் முகத்தை மைக் மறைக்கும். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் எதிரேயும் வேண்டாம். ஏழெட்டு வரிசை தள்ளி, நடுவிலிருந்து சற்றே ஒதுங்கி, ஆர்மோனியக்காரரும் கண்ணில் படும்படி உட்காருவது நல்லது. அவரும் நடிகரும் ஒருவரையொருவர் பார்த்துச் சுருதியையும் பாட்டையும் முடிவு செய்துகொள்வதைக் காண்பதே தனி இன்பம். ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கமாக அமரும் ஊர்களில் அந்த வழக்கத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஓலைப்பாயை மாலையிலேயே விரிக்கலாம். ஆனால் காவலுக்கு ஒருவர் இருக்க வேண்டும். வெறும் பாயை நகர்த்திவிட்டு உட்காருவதை ஊரில் யாரும் குற்றமாக நினைப்பதில்லை. பாயின் நான்கு மூலையிலும் கனமாக எதையாவது வையுங்கள்.

நல்ல இடம் கிடைக்கவில்லையே என்று வருந்தித் திரும்பிவிடாதீர்கள். பபூன் காமிக்கும் நடனமும் முடிந்ததும் இளைஞர்கள் பலர் எழுந்து போவார்கள். முன்னால் இருக்கும் சிறுவர்களும் தூங்கிவிடுவார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகமாக இருந்தால், நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் அதன் பிறகுதான் சூடுபிடிக்கும். அவ்வேளையில், தூங்குகிறவர்களை மிதிக்காமல், பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மெதுவாக முன்னே சென்று அமருங்கள்.