கடற்கரைப் பையனின் கோபத்தைக் கவிதையில் எழுத

இராமநாதபுரம் கடற்கரையில் மேல் கீழ் என்பது கணக்கில்தான் தெரியும். விசைப்படகு கரை வந்ததும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு வைப்பார்கள். முன்பணம் வாங்கியவனுக்கு அதிலும் பிடித்தம். எழுத உட்காரும் முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக்கொள்ளுங்கள்: படகு யாருடையது, எத்தனை பேர் போனார்கள், யாருக்கு எவ்வளவு கடன். கவிதைக்குள் இதில் இரண்டு விவரம் வந்தால் போதும். எழுதுகிறவருக்கு மட்டும் முழுக்கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, நற்றிணை 45-ஆம் பாட்டைச் சத்தமாகப் படியுங்கள். இவள் பரதவர், அதாவது மீனவர் மகள், நீ தேரில் வரும் செல்வனின் அருமை மகன் என்று தோழி தொடங்குகிறாள். சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவை விரட்டுகிற எங்களுக்கு அழகு எதற்கு? ‘புலவு நாறுதும், செல நின்றீமோ’, மீன் நாற்றம் அடிக்கிறோம், தள்ளி நில். இதுவரை பணிவு போலத்தான் இருக்கும். கடைசியில் ‘எம்மனோரில் செம்மலும் உடைத்தே’ என்கிறாள்: எங்களுக்குள்ளும் பெருமக்கள் உண்டு. கோபம் என்ற சொல்லே இல்லாமல் அவனைத் தள்ளி நிறுத்திவிட்டாள். நாற்றத்தை முதலில் தானே சொல்லிவிட்டதுதான் அவள் பலம். வர்க்கத்தைப் பற்றித் தமிழில் இதைவிடக் கூர்மையாக எழுதுவது கடினம்.

நீளமும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். நற்றிணைப் பாட்டுகள் 9 முதல் 12 அடி. முதல் வரைவில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

எரிமலையே, இளைஞனே, எழு!
ஏழ்மையைச் சுட்டுப் பொசுக்கு!

இதில் ஆள் இல்லை, கடல் இல்லை. எந்த ஊர்ச் சுவரிலும் எழுதிவிடலாம். உங்கள் பையன் மறுப்பாகச் செய்த ஒரே ஒரு செயலைத் தேடுங்கள்:

டீசல் கழித்தார், ஐஸ் கழித்தார்,
அக்கா கல்யாணத்து முன்பணம் கழித்தார்.
நீட்டிய நோட்டை
எண்ணாமல் வாங்குவார் அப்பா.
நான் எண்ணினேன்,
அவர் முன்னாலேயே,
இரண்டு முறை.

நோட்டை எண்ணுவதுதான் இங்கே கலகம். அப்பா பக்கத்தில் நிற்பதால் அதற்கு விலையும் உண்டு. இழக்க எதுவும் இல்லாத பையனை எழுதினால் கவிதை சினிமா வசனமாகிவிடும்.

விவரம் தவறினால் கரைக்காரர்கள் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடுவார்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று முறை உண்டு. இரண்டையும் ஒரே இரவில் கடலுக்கு அனுப்பாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுப் பையன் அப்போது கரையில்தான் இருப்பான். கடைக் கடன் ஏறும், வீட்டில் சண்டை வரும். கலகத்துக்கு நல்ல பருவம் அது.

பெண் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவில் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடற்பாசி எடுக்கிறவளின் மறுப்பு வேறு மாதிரி இருக்கும். அந்தத் துணியிலிருந்து தொடங்குங்கள்.

வட்டார வழக்கைப் பேச்சு வரிகளில் மட்டும் வையுங்கள். எழுதி முடித்ததும் கடைசி இரண்டு வரியை விரலால் மூடிப் படித்துப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அவற்றை வெட்டிவிடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் அறிவுரை ஒளிந்திருக்கும்.