பட்டுப்பாவாடைச் சிறுமி: ஃபாண்டன்டில் கேக் பொம்மை செய்யும் முறை

ஃபாண்டன்ட் என்ற சர்க்கரை மாவில் செய்யும் பொம்மை இடுப்பில் அமுங்குவதற்கும் கழுத்தில் சாய்வதற்கும் முக்கியக் காரணம், கீழ்ப்பாகம் காய்வதற்குள் மேற்பாகத்தை ஏற்றிவிடுவதுதான். சனிக்கிழமை கேக் கொடுக்க வேண்டுமானால் திங்கட்கிழமையே பொம்மையைத் தொடங்கிவிடுங்கள். முதன்முறை செய்பவர்களுக்கு ஏற்ற உருவம் பட்டுப்பாவாடை கட்டிய சிறுமி. பாவாடையே அகலமான அடித்தளமாக அமைந்துவிடுவதால், இரண்டு மெல்லிய கால்களில் ஓர் உருவத்தை நிறுத்தும் சிரமம் இதில் இல்லை. ஏறத்தாழ 9.5 செ.மீ. உயரமுள்ள பொம்மைக்கு 100 கிராம் மாவு போதும்.

கடையில் வாங்கும் ஃபாண்டன்டில் ஐசிங் சர்க்கரையோடு குளுக்கோஸ் பாகும் கிளிசரினும் சேர்ந்திருக்கும். இவை அதை நெடுநேரம் மென்மையாக வைத்திருப்பதால் கேக்கைப் போர்த்துவதற்கு நன்றாக இருக்கும். பொம்மைக்கு அந்த மென்மை உதவாது. எனவே 250 கிராம் ஃபாண்டன்டுக்கு மாவை இறுகச் செய்யும் டைலோஸ் பவுடரை ஒரு டீஸ்பூன் தூவிப் பிசைந்து, க்ளிங் ராப்பில் காற்றுப் புகாமல் சுற்றி, இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். விரைவில் இறுக வேண்டுமென்று டைலோஸைக் கூட்டினால், உருட்டும்போதே மேற்புறம் வெடிக்கத் தொடங்கும். பிசையும்போது கையில் ஒட்டினால் சோள மாவைச் சிறிதளவும், வறண்டு கோடு விழுந்தால் வனஸ்பதியை விரல் நுனியிலும் எடுத்துக்கொள்ளுங்கள். சில ஃபாண்டன்ட் வகைகளில் ஜெலட்டின் இருக்கும் என்பதால், சைவக் குடும்பத்துக்குச் செய்யும்போது பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நிறத்துக்கு ஜெல் கலரே ஏற்றது. நீர்த்த கலர் மாவைக் குழைத்துவிடும். தோல் நிறத்துக்கு வெள்ளை ஃபாண்டன்டில் பழுப்பை டூத்பிக் நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்த்து, கடைசியில் துளி ஆரஞ்சு கலந்தால் உயிரோட்டமுள்ள மாநிறம் வரும். பிறந்தநாள் கொண்டாடும் குழந்தையின் புகைப்படத்தை அருகில் வைத்துக்கொண்டு கலக்குங்கள். எல்லாச் சிறுமிகளுக்கும் ஒரே வெளிர் ரோஜா நிறத்தைப் பூசும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். கலந்த நிறம் சில மணி நேரத்தில் ஒரு படி கூடும் என்பதால், வேண்டிய அளவுக்குச் சற்று முன்னதாகவே நிறுத்துங்கள். கறுப்பை மட்டும் தயாராக வாங்கிவிடுவது நல்லது. வெள்ளையைக் கறுப்பாக்க வேண்டிய கலரின் அளவு மிக அதிகம். மாவு பிசுபிசுத்துக் கசந்தும் போகும்.

முதல் நாள் பாவாடையும் தலையும். பாவாடைக்கு 50 கிராம் மாவை வெடிப்பில்லாத உருண்டையாக்கி, பிறகு கூம்பாக உருட்டி, அடியை மேசையில் தட்டிச் சமப்படுத்துங்கள். உயரம் 4.5 செ.மீ., அடி அகலமும் அதே அளவு, இடுப்புப் பக்கம் 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. கத்தியின் முதுகால் இடுப்பிலிருந்து கரை வரை அழுத்திக் கொசுவங்களை வரையுங்கள். சில ஆழமாகவும் சில மேலோட்டமாகவும் இருந்தால்தான் துணி மடிந்தது போலத் தெரியும். மாவு இளகியிருக்கும்போதே, சமைக்காத ஸ்பகெட்டிக் குச்சியை (நீளமான பாஸ்தா) நடுவில் 3 செ.மீ. ஆழத்துக்கு இறக்கித் துளையிட்டு, குச்சியை வெளியே எடுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு துளையிட முயன்றால் பாவாடை பிளந்துவிடும்.

தலைக்கு 20 கிராம். உயரம் சுமார் 3 செ.மீ. வரும், குழந்தை உருவத்தில் தலை மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருப்பதே அழகு. உருண்டையை உள்ளங்கைகளுக்கிடையில் வைத்து, கண் வரும் இடத்தைச் சுண்டுவிரலின் பக்கவாட்டால் இலேசாக உருட்டினால் அங்கே ஒரு பள்ளம் விழும். அதற்குக் கீழே கன்னங்கள் தாமாகவே புடைத்து நிற்கும். கண்களைத் தலையின் பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். மேலே ஏற்றினால் சிறுமியின் முகம் பெரியவர் முகமாகிவிடும். இரண்டு கண்ணுக்கும் இடையில் இன்னொரு கண் அளவு இடம் விட்டு, நுனி உருண்டையான கருவியால் குழியிட்டு, கடுகளவு கறுப்பு உருண்டைகளைப் பதியுங்கள். இரண்டிலும் ஒரே பக்கம் வெள்ளைப் புள்ளி வைத்தவுடன் பார்வை வந்துவிடும். ஒன்று இடமும் மற்றொன்று வலமுமாக வைத்தால் பார்வை சிதறிப்போகும். வாய்க்கு, நீள்வாக்கில் பாதியாக வெட்டிய ஸ்ட்ராவின் விளிம்பைச் சற்றுச் சாய்த்து அழுத்தி, இரு முனைகளையும் டூத்பிக்கால் தொட்டுவிடுங்கள். மூக்குக்கு ஒரு சிறு உருண்டை போதும். காதுகளைக் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். முடிந்த தலையை ஸ்பகெட்டிக் குச்சியில் குத்தி, குச்சியைத் தெர்மாகோலில் நிறுத்திக் காயவிடுங்கள். படுக்கவைத்தால் பின்மண்டை தட்டையாகிவிடும்.

ஒட்டுவதற்குப் பசையும் அன்றே தயாராகட்டும். இரண்டு டேபிள்ஸ்பூன் வெந்நீரில் கால் டீஸ்பூன் டைலோஸைக் கலந்து மூடி வைத்தால், மறுநாள் கட்டிகள் கரைந்து தெளிந்த பசையாகியிருக்கும். தூரிகையால் மெல்லத் தடவினாலே பிடித்துக்கொள்ளும். அதிகம் தடவினால் பாகம் வழுக்கி இறங்கும்.

இரண்டாம் நாள் 10 கிராமில் 2 செ.மீ. உயரச் சட்டையைச் செய்து பாவாடை மேல் ஒட்டி, ஸ்பகெட்டியை இரண்டையும் ஊடுருவி இறக்குங்கள். தலைக்கென்று மேலே ஒன்றரை செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். ஸ்பகெட்டி எளிதில் முறியும் என்பதால், அழுத்தாமல் திருகித் திருகிச் செலுத்த வேண்டும்.

மூன்றாம் நாள் கைகள், ஒவ்வொன்றும் 2 கிராம். அவற்றை முன்புறம் கொண்டுவந்து பாவாடையின் மேல் படிய வையுங்கள். காற்றில் நீட்டிய கை வண்டிப் பயணத்தில் முதலில் விழும். தோளில் சிறு உருண்டையை அழுத்தி ஒட்டினால் பஃப் கை. அதன்பின் தலையிலிருந்த குச்சியைத் திருகி உருவிவிட்டு, அந்தத் துளையில் உடலின் குச்சி சேரும்படி தலையைப் பொருத்தி, கழுத்தைச் சுற்றிப் பஞ்சு முட்டுக் கொடுங்கள்.

நான்காம் நாள் முடியும் நகையும். கறுப்பு மாவைத் தட்டித் தலையில் தொப்பியாகப் போர்த்தி, நடுவகிடு எடுத்து, சீப்பு முனையால் இழைகளைக் கீறுங்கள். மாவை மெல்லிய நூல்களாக உருட்டி, மும்மூன்றாகப் பின்னினால் இரட்டைச் சடை தயார். அடியில் சிவப்பு ரிப்பன், காதோரம் வெள்ளை மல்லிகை மொட்டுகள். பாவாடைக் கரைக்குத் தங்கத் தூளை எலுமிச்சை எசன்ஸில் குழைத்துப் பூசலாம், ஆனால் தூளின் டப்பாவைக் கவனமாகப் படியுங்கள். ‘நச்சுத்தன்மையற்றது’ என்று மட்டும் எழுதியிருப்பது உண்ணத் தக்கதாகிவிடாது. ‘உண்ணத் தக்கது’ என்ற வாசகமும் உட்பொருள்களின் பட்டியலும் இருக்க வேண்டும். குழந்தைகள் முதலில் கைவைத்துக் கடிப்பது பொம்மையைத்தான், ஆதலால் இதில் சிறிதும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காயவைக்கும் இடம் காற்றோட்டமாகவும் நேர் வெயில் படாமலும் இருக்கட்டும். வெயிலில் ரோஜாவும் ஊதாவும் வெளுக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கி மின்விசிறியோ ஏசியோ ஓடும் அறையில் வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்தவுடன் பொம்மை வியர்த்து, கண்ணின் கறுப்பு கன்னத்தில் வழியும். காய்ந்த பொம்மையை அட்டைப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கலாம்.

நம் ஊரில் பெரும்பாலும் விப்பிங் கிரீம் கேக்தான் கேட்கிறார்கள். அதன் ஈரத்தில் பாவாடையின் கரை சில மணி நேரத்திலேயே கரையத் தொடங்கும். எனவே பொம்மையின் அடிக்குச் சமமாக கேக் போர்டு வட்டம் ஒன்றை வெட்டி, அதன் மேல் பொம்மையை ஒட்டி, தனிப் பெட்டியில் கொண்டுபோய், கேக் வெட்டுவதற்குச் சற்று முன் ஏற்றுங்கள். மென்மையான ஸ்பஞ்ச் கேக்காக இருந்தால் வட்டத்துக்கு அடியில் கேக்கின் உயரத்துக்கு வெட்டிய தடித்த ஸ்ட்ரா மூன்றைச் செருகினால் எடை அவற்றின் மேல் நிற்கும். பொம்மையை ஒப்படைக்கும்போது, உள்ளே குச்சி எங்கெங்கே இருக்கிறது என்பதைப் பெற்றோரிடம் வாயாலும் சொல்லி, பெட்டியின் மேலும் எழுதிக் கொடுங்கள்.